பார்வைக்கும் முடிவுக்கும்

நகராட்சி அலுவலகத்துக்குப் போகிறவர்களுக்கு எந்த அறை எதற்கு என்பது அத்துபடி. சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் கட்ட முன்கூடத்துக் கவுண்டர். பிறப்பு, இறப்புச் சான்றுக்குச் சுகாதாரப் பிரிவு. வீடு கட்ட அனுமதிக்கு நகரமைப்புப் பிரிவு. குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் பொறியியல் பிரிவு. இத்தனைக்கும் நடுவில் மன்றப் பிரிவு என்று ஒன்று இருப்பது ஊரில் பலருக்குத் தெரியாது. அங்கே யாரும் வரிசையில் நிற்பதில்லை, பணம் கட்டுவதில்லை, சான்று வாங்குவதில்லை. ஆனால் ஊர் எடுத்த ஒவ்வொரு முடிவும் அந்த அறை வழியாகத்தான் போயிருக்கிறது.

தமிழ்நாட்டில் 1996-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்து புதிய மன்றங்கள் வந்த சமயத்தில் நான் இளநிலை உதவியாளராக மன்றப் பிரிவில் உட்கார்ந்தேன். பிறகு வேறு பிரிவுகளிலும் வேறு ஊர்களிலும் வேலை பார்த்தேன். ஆனாலும் சுற்றிச் சுற்றி அந்த நாற்காலிக்கே வந்து சேர்ந்தேன். 2022-இல் வந்த மன்றத்தையும் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றேன்.

அந்த முதல் மன்றம் வந்தபோது ஊரில் இருந்த எதிர்பார்ப்பைச் சொல்லியாக வேண்டும். 1986-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 1991-இல் முடிந்த பிறகு, தேர்தலே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்துவந்தார்கள். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகர மன்றத்துக்கு ஐந்தாண்டு ஆயுளை உறுதி செய்தது. பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது. மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. அந்தத் திருத்தத்துக்குப் பிந்திய முதல் தேர்தலில் வென்று வந்தவர்கள், பூட்டிக் கிடந்த மன்றக் கூடத்துக்குள் உரிமையோடு நுழைந்தார்கள்.

நகராட்சியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் மன்றப் பிரிவின் இடம் புரியும். ஒரு பக்கம் மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள், துணைத் தலைவர், தலைவர். மறுபக்கம் அரசு நியமிக்கும் ஆணையரும் அவருக்குக் கீழே உள்ள பிரிவுகளும். மேலாளரின் கீழ்ப் பொதுப் பிரிவு, கணக்கரின் கீழ்க் கணக்குப் பிரிவு, வருவாய் ஆய்வாளரும் பில் கலெக்டர்களும் உள்ள வருவாய்ப் பிரிவு, நகராட்சிப் பொறியாளரின் கீழ்ப் பொறியியல், நகர்நல அலுவலரின் கீழ்ப் பொதுசுகாதாரம், அப்புறம் நகரமைப்பு. முடிவெடுப்பது மன்றம். நிறைவேற்றுவது ஆணையர். இரண்டுக்கும் இடையிலுள்ள ஒரே கதவு மன்றப் பிரிவு. அதில் ஓர் உதவியாளர், ஒரு தட்டச்சர், ஓர் அலுவலக உதவியாளர். அவ்வளவுதான் ஊரின் சட்டமன்றச் செயலகம்.

ஒரு தெருவுக்கு மழைநீர் வடிகால் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கவுன்சிலர் மனு கொடுப்பார். பணி ஆய்வாளர் இடத்தைப் பார்த்து அளப்பார். உதவிப் பொறியாளர் மதிப்பீடு போடுவார். பொறியியல் பிரிவு எழுத்தர் அலுவலகக் குறிப்பு எழுதுவார். கணக்குப் பிரிவு எந்த நிதியில் செலவு செய்யலாம் என்று பார்க்கும். மேலாளர், ஆணையர் கையெழுத்தோடு கோப்பு எங்களிடம் வரும். நாங்கள் அதைச் சுருக்கி, பொருள் எண் கொடுத்து, “மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது” என்று முடிப்போம். கூட்டத்தில் நிறைவேறினால் தீர்மான எண் விழும். அந்த எண் இல்லாமல் ஒப்பந்தப்புள்ளி கோர முடியாது, வேலை தொடங்க முடியாது, பில் பாஸ் ஆகாது.

அன்றைக்குக் கூட்டப் பொருள் தயாரிப்பது பெரும்பாடு. ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து, பிழை வந்தால் சிவப்புத் திரவம் தடவித் திருத்தி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஏற்றிச் சுற்ற வேண்டும். மை பரவாமல் ஒவ்வொரு தாளையும் உலர்த்தி, அடுக்கி, தைத்து முடிப்பதற்குள் இரவாகிவிடும். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்னதாக அறிவிப்பு போய்ச் சேர வேண்டும் என்பது விதி. அலுவலக உதவியாளர் சைக்கிளில் வார்டு வார்டாகப் போய் ஒவ்வொரு கவுன்சிலர் வீட்டிலும் கொடுத்து, தபால் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி வருவார். வீட்டில் ஆளில்லை என்றால் மறுபடியும் போவார்.

அந்த மூன்று நாளுக்கும் பயன் இருந்தது. கவுன்சிலர்கள் எங்கள் அறைக்கு வருவார்கள். மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். பள்ளிப் படிப்பு குறைவு. ஆனால் மதிப்பீட்டுத் தொகையைப் பார்த்ததும், “தம்பி, போன வருஷம் பக்கத்துத் தெருவுக்குப் போட்ட வடிகால் எத்தனை மீட்டர், எவ்வளவு ஆச்சு? அந்தத் தீர்மானத்தை எடுங்க” என்பார். நான் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பேன். இரண்டையும் வைத்துக்கொண்டு குறிப்பெடுத்துக்கொண்டு போவார். கூட்டத்தில் அவர் எழுந்தால் பொறியாளர் கோப்பைத் திறந்து வைத்துக்கொள்வார். முதல் முறை தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் கவுன்சிலர்களில் சிலரைக் கணவர்களே வழிநடத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் ஆறு மாதத்துக்குள் தனியே வந்து, “சார், ஆட்சேபணையை எழுத்துல பதிவு பண்ணணும்னா எப்படி எழுதணும்?” என்று கேட்டவர்களையும் பார்த்தேன். சொல்லிக்கொடுத்தோம். அதுவும் எங்கள் வேலை என்றே நினைத்தோம்.

மன்றத்துக்குள் இருக்கும் சிறு குழுக்களின் கூட்டக் குறிப்புகளையும் நாங்கள்தான் எழுதினோம். நியமனக் குழுவும் ஒப்பந்தக் குழுவும் தலைவர், ஆணையர், கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் ஓர் உறுப்பினர் ஆகியோரைக் கொண்டவை. வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவில் கவுன்சிலர்கள் கூடுதலாக இருப்பார்கள். தன் வீட்டுக்கு வரி அதிகமாகப் போட்டுவிட்டார்கள் என்று ஒரு குடிமகன் தன்னால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் முன்னால் நின்று முறையிடக்கூடிய இடம் அது. வாசலில் வரித்தாளோடு காத்திருந்த முதியவர்களுக்கு அந்தக் குழு எத்தனை பெரியது என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

தீர்மானப் புத்தகத்தின் அருமை ஒரு பூங்கா விஷயத்தில் விளங்கியது. நான் பிறகு வேலை பார்த்த ஓர் ஊரில், பழைய மனைப்பிரிவு ஒன்றில் பூங்காவுக்கென ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் நகராட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்த இடத்தை ஒருவர் தன்னுடையது என்று வேலி போட்டார். நகரமைப்புப் பிரிவில் கோப்பைக் காணவில்லை. அந்த இடத்தை நகராட்சி ஏற்றுக்கொண்ட தீர்மானம், பல ஆண்டுகளுக்கு முந்திய புத்தகத்தில் சர்வே எண்ணோடு இருந்தது. அன்றைய தலைவரின் பச்சை மைக் கையெழுத்து மங்கவே இல்லை. வேலி அகன்றது. கோப்புகள் தொலையும், அலுவலர்கள் மாறிப் போவார்கள். தீர்மானப் புத்தகம் மட்டும் ஊரிலேயே இருக்கும்.

2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிக்கொண்டே போய், 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது. ஐந்தாண்டுக்கு மேல் ஊருக்குக் கவுன்சிலரே இல்லை. ஆணையரே தனி அலுவலராகவும் இருந்தார். அந்தக் காலத்தில் மன்றப் பிரிவின் வேலை மாறிப்போனது. ஆணையராகக் கையெழுத்திட்டு வைத்த பொருளை அவரே தனி அலுவலராகக் கையெழுத்திட்டு ஏற்றுக்கொள்வார். எண் விழும், வேலை நடக்கும், நடந்த வேலைகளில் நல்லவையும் உண்டு. ஆனால் அந்தப் பக்கங்களில் ஒரு கேள்வி இல்லை, ஓர் ஆட்சேபணை இல்லை, ஒரு திருத்தம் இல்லை. நல்ல அலுவலராக இருந்தாலும் ஒருவர் தம்மைத் தாமே கேள்வி கேட்டுக்கொள்ள முடியாது. பூட்டிய கூடத்தில் மேசை நாற்காலிகள் தூசி படிந்து கிடந்ததைவிட, கேள்வியே இல்லாத அந்தப் பக்கங்கள்தான் என்னை வருத்தின.

2022-இல் வந்த மன்றம் பார்க்கவே மகிழ்ச்சி தந்தது. 2016-இல் கொண்டுவந்த திருத்தத்தால் பாதி இடங்கள் பெண்களுக்கு. தமிழ்நாடு முழுவதும் 21 மாநகராட்சி, 138 நகராட்சி, 489 பேரூராட்சிகளில் பதவியேற்றவர்களில் ஏராளமானோர் பட்டம் பெற்ற இளம் பெண்கள். தலைவர் தேர்தலும் மாறியிருந்தது. 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்களே நேராகத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் போலவே 2022-இலும் கவுன்சிலர்கள் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் தலைவரை உட்கார வைப்பதும் கேள்வி கேட்பதும் அதே மன்றத்தின் பொறுப்பாயிற்று.

பதவியேற்ற சில வாரங்களில் அவர்கள் முன் வந்த பொருள் சொத்து வரி உயர்வு. 25 முதல் 150 விழுக்காடு வரை உயர்த்த 2022 ஏப்ரலில் அரசு அறிவித்தது. ஒன்றிய அரசின் 15-ஆவது நிதிக் குழு, நகரங்களுக்கான மானியத்தைச் சொத்து வரிச் சீர்திருத்தத்தோடு முடிச்சுப் போட்டிருந்தது. உயர்த்தாவிட்டால் மானியம் போகும். உயர்த்தினால் வாக்களித்தவர்கள் முகத்தில் விழிக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ளவும், தம் வார்டு மக்களுக்கு விளக்கவும் புதிய கவுன்சிலர்களுக்கு உதவ ஆள் வேண்டாமா? பழைய வரி எவ்வளவு, எத்தனை வீடுகளுக்கு எந்த அளவு கூடும், நகராட்சியின் வருவாயில் என்ன மாறும் என்று ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துக் கொடுத்திருக்கலாம். அதற்கு மன்றப் பிரிவில் ஆள் இல்லை. நான் கண்ட வரையில், மூன்று பேர் செய்த வேலையை ஒருவர் செய்துகொண்டிருந்தார். அவரும் தேர்தல் வேலை, கணக்கெடுப்பு வேலை என்று பாதி நாள் வெளியில் இருந்தார்.

கருவிகள் எல்லாம் வளர்ந்துவிட்டன. கூட்டப் பொருளைக் கணினியில் தட்டச்சு செய்து ஒரு நொடியில் எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்பலாம். ஸ்டென்சில் காலத்தில் மூன்று நாள் முன்பே போய்ச் சேர்ந்த தாள், இப்போது கூட்டத்துக்கு முதல் நாள் இரவு கைப்பேசியில் வந்து விழுகிறது. கடைசி நேரத்தில் மேசை மேல் வைக்கும் டேபிள் அஜெண்டா அன்றைக்கு அபூர்வம். இன்றைக்கு அது பழக்கமாகிவிட்டது. நாற்பது, ஐம்பது பொருள்களைப் படிக்க நேரமில்லாமல் “அனைத்தும் நிறைவேற்றப்பட்டது” என்று கூட்டம் முடிவதை வருத்தத்தோடு பார்த்தேன். இளம் பெண் கவுன்சிலர் ஒருவர் என்னிடம், “ஐயா, போன கூட்டத்துல நிறைவேத்தின தீர்மானம் என்ன ஆச்சுன்னு யாருகிட்ட கேக்கணும்?” என்றார். தீர்மானத்தின் மேல் எடுத்த நடவடிக்கையைப் பதிந்து, அடுத்த கூட்டத்தில் வைக்கும் பதிவேடு ஒன்று முன்பு எங்களிடம் இருந்தது. அவர் கேட்ட நாளில் அதை எழுத ஆளில்லை.

சட்டங்கள் குறைவில்லாமல் வந்திருக்கின்றன. 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் போய், 1998-இல் இயற்றி நிறுத்தி வைத்திருந்த நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே வார்டு குழுக்களும் பகுதி சபாக்களும் அமைந்தன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபாக் கூட்டங்கள் கூடின. தெருவில் இருப்பவர் தம் குறையைக் கூட்டத்தில் சொல்லிப் பதிவு செய்ய வழி பிறந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே பதிவாகும் கோரிக்கைகளைத் தொகுத்து, மன்றத்துக்குக் கொண்டுபோய், முடிவைத் திரும்பச் சபைக்குச் சொல்ல வேண்டியதும் அதே ஆளில்லாத மன்றப் பிரிவுதான். மேலே மன்றமும் கீழே சபாவும் இருந்து, நடுவில் எழுதுகிறவர் இல்லையென்றால், இரண்டு பக்கமும் பேச்சோடு நின்றுவிடும்.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மும்பை மாநகராட்சியின் 1888-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மாநகராட்சிச் செயலர் என்ற பதவி உண்டு. மன்றத்தின் வேலையைப் பார்ப்பதுதான் அவர் பொறுப்பு. நம் நகராட்சிகளில் மன்றப் பிரிவு ஊழியர் ஆணையரின் கீழ் உள்ளவர். ஆணையரைக் கேள்வி கேட்கும் கவுன்சிலருக்கு ஆணையரின் எழுத்தர்தான் குறிப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும். என்னோடு வேலை பார்த்தவர்கள் மனசாட்சியோடுதான் செய்தார்கள். ஆனால் ஓர் ஊரின் மக்களாட்சி சில எழுத்தர்களின் மனசாட்சியை மட்டும் நம்பி நடக்கக் கூடாது.

ஒவ்வொரு நகராட்சிக்கும் மன்றத்துக்குப் பதில் சொல்லும் ஒரு செயலரும், அவருக்குக் கீழே கூட்டப் பொருள், குழுக்கள், தீர்மானப் பதிவேடு, நடவடிக்கைத் தொடர்பு ஆகிய நான்குக்கும் தனித்தனி ஆளும் வேண்டும். ஒரு தெருவுக்குப் போடும் சிமென்ட் சாலையின் செலவோடு ஒப்பிட்டால் இவர்களின் சம்பளம் பெரிய தொகை அல்ல. பழைய தீர்மானப் புத்தகங்களை ஸ்கேன் செய்து மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கூட்டப் பொருள் மூன்று முழு நாள் முன்னதாகக் கிடைக்காவிட்டால் அந்தப் பொருளை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளும் துணிவு தலைவர்களுக்கு வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டு கவுன்சிலரைச் சந்தித்து, கடந்த மன்றக் கூட்டத்தின் தீர்மான நகலைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நகராட்சியில் மனு கொடுங்கள். உங்கள் தெருவைப் பற்றிய தீர்மானத்தை ஒரு முறையாவது படித்துப் பாருங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் எழுத ஆள் போடுவார்கள்.