பிள்ளையாருக்குக் காது நல்லாக் கேக்கும்

இரும் தம்பி, உந்தத் திண்ணையிலை. ஆறாம் திருவிழா உம்மடை உபயமெண்டு கேள்விப்பட்டன். ஐஞ்சாம் திருவிழாக்காரன் எட்டு ஸ்பீக்கர் பொக்ஸ் வைக்கிறானெண்டு நீர் பன்னிரண்டுக்குச் சொல்லிவிட்டிருக்கிறீராம். வலு சந்தோஷம். பக்தியைப் பெட்டிக்கணக்கிலை அளக்கிற ஊரிலை வேறையென்ன செய்யிறது?

ஆனால் ஒண்டு கேக்கிறன், குறை நினையாதையும். எங்கட பிள்ளையாரை வடிவாப் பாத்திருக்கிறீர்தானே? சுளகு போலை ரெண்டு காது. காலுக்குக் கீழை எலி கீச்சிட்டாலே அந்தாளுக்குக் கேக்கும். பிறகேன் வீதி முழுக்கப் பெட்டி அடுக்கிறீர்? அவருக்கில்லையெண்டால், ஆருக்கு?

ஷெல்லடிச்ச காலத்திலை உம்மைப் பங்கருக்கை குப்புறப் படுக்கவைச்சு, "காதைப் பொத்தடா, வாயைத் திறவடா" எண்டு கொம்மா கத்தினது ஞாபகமிருக்கோ? அண்டைக்குச் சும்மா வந்த சத்தத்துக்குக் காதைப் பொத்தின சனம், இண்டைக்கு வாடகை குடுத்து, ஜெனரேற்றருக்கு டீசலும் அடிச்சுச் சத்தம் வாங்குது. ஊர் முன்னேறேல்லையெண்டு ஆர் சொன்னது?

என்ர பேத்தி தாதிக்குப் படிக்கிறவள். அவள் ஒரு கணக்குச் சொன்னாள். 85 டெசிபல் சத்தத்தைக் காது ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் தாங்குமாம். பிறகு மூண்டு மூண்டாய்க் கூடக் கூட நேரம் பாதிபாதியாய்க் குறையுமாம். 88க்கு 4 மணித்தியாலம், 91க்கு 2, 94க்கு 1. 100க்கு வந்தால் வெறும் 15 நிமிசம். உம்மடை பெட்டிக்கு முன்னாலை ஆடுற பெடியனுக்கு, சுவாமி வெளிவீதிக்கு வரமுன்னமே அண்டையக் கணக்கு முடிஞ்சிடும். மினிபஸ்ஸுக்கை இயர்போனை முழுச் சத்தத்திலை குத்திக்கொண்டு வாறவனுக்கும் இதே கணக்குத்தான். அவன் தன்ர திருவிழாவைத் தனியாச் செய்யிறான்.

உள்காதிலை 15,000 அளவிலை மயிர்க்கலம் இருக்காம். செத்தால் திருப்பி முளைக்காது. தலைமயிர் கொட்டுதெண்டு எண்ணெய் தேடிச் சுன்னாகம் சாவகச்சேரியெல்லாம் அலைஞ்ச ஆள் நீர். இந்த மயிருக்கு எந்தப் பரியாரியிட்டையும் எண்ணெய் இல்லை. திருவிழா முடிஞ்சு படுக்கேக்கை காது "கூ"வெண்டு இரையிறது கரகம் பாத்த களையில்லை. அது காது எழுதிப் போட்ட முறைப்பாடு.

காது கேளாமல் போறதும் ஒரு வசதியெண்டு நினைப்பீர். மனிசி குசினிக்கை இருந்து கூப்பிடுறது கேக்காதுதான். ஏனெண்டால் முதல் போறது கீச்சுக்குரல். குருவி போகும், பேரப்பிள்ளையின்ர மழலை போகும். சீட்டுக்காசு கேட்டு வாறவன்ர தடிச்ச குரல் இருக்கே, அது கடைசிவரைக்கும் வடிவாக் கேக்கும்!

பெட்டி வாடகைக்குக் காசில்லாதவனும் கவலைப்படத் தேவையில்லை. காதைக் கெடுக்கச் சல்லிக்காசு செலவில்லாத வழியளும் இருக்கு. கோழி இறகு, சைக்கிள் திறப்பு, நெருப்புக்குச்சி. குறும்பி ஊத்தையில்லை மோனை, அது காதுக்குக் காவல். தன்ரபாட்டிலை வெளியிலை வரும். நீர் குடையக் குடைய உள்ளுக்குப் போய் அடைக்கும். குழந்தைக்குக் காதாலை சீழ் வடிஞ்சால், உள்ளி போட்டுக் காய்ச்சின எண்ணெயை விட்டுப்போட்டு "பல் முளைக்குது" எண்டு இருக்கிறதும் ஒரு கெட்டித்தனம். திடீரெண்டு ஒரு காது அடைபட்டால் நாள் நட்சத்திரம் பாராமல் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடும். நாள் பிந்தப் பிந்த மருந்து பிடிக்கிறது குறையும். கூப்பிட்டால் திரும்பாத குழந்தையை "தேப்பன் மாதிரி ஆறுதலான பிள்ளை" எண்டு கொஞ்சிக்கொண்டிருக்காமல், உடனை காதைச் சோதிக்கவேணும்; பிறந்த கையோடையே சோதிச்சால் இன்னும் நல்லது. பேச்சு வாறது காதாலைதான். அப்பிடிப்பட்ட பிள்ளையளுக்குக் கைதடியிலை நவீல்ட் பாடசாலை இருக்கு. ஒளிச்சு வைக்கிறதுக்கு இதிலை ஒண்டுமில்லை.

ஒளிக்கிறதெண்டதும் உம்மடை ஐயான்ர ஞாபகம் வருது. எழுத்துத் தெரியேல்லையெண்டு கண்ணாடி போட்டார், ஊர் "வாத்தியார்" எண்டுது. காதுக்கு மெசின் பூட்டச் சொன்னால், "செவிடனெண்டு சொல்லுவாங்கள்" எண்டு அலுமாரிக்கை பூட்டிவைச்சிருக்கிறார். இப்ப ஆரேன் தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு கேட்டால், "காணி விக்கிறேல்லை" எண்டு மறுமொழி சொல்லுறார். மெசின் போடாட்டி ஒருத்தருக்கும் தெரியாதாம்!

சட்டம் இல்லையெண்டு சொல்லாதையும். 2007இலை உயர் நீதிமன்றம் சொல்லிப்போட்டுது, இரவு 10 மணிக்குப் பிறகு விடிய 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி போடப்படாதெண்டு. விசேஷமெண்டால் தனி அனுமதி எடுக்கவேணும். வெலிகாமத்துப் பள்ளிவாசல் வழக்கிலை வந்த தீர்ப்பு, ஆனால் கோயிலுக்கும் விகாரைக்கும் தேவாலயத்துக்கும் ஒண்டுதான். அந்தத் தீர்ப்பை வாசிச்ச நேரத்திலை எங்கட ஊரிலை பாட்டுப் போட்டிருப்பாங்கள் போலை, ஒருத்தருக்கும் கேக்கேல்லை.

இப்ப நான் சொல்லுறதைச் செய்யும். பத்துப் பெட்டியைத் திருப்பி அனுப்பும். மிச்சக் காசுக்கு இணுவிலிலை இருந்து நல்ல ரெண்டு கூட்டு மேளம் பிடியும். மைக் இல்லாமலே நாலு வீதிக்கும் கேக்கத்தானே நாதஸ்வரமும் தவிலும். அதுக்கும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தவிலோடை ஒட்டி நிக்கவேண்டாமெண்டு பெண்டுகளுக்குச் சொல்லிவிடும். மிஞ்சினதுக்கு அன்னதானத்திலை ஒரு பாயாசம்.

ஐஞ்சாம் திருவிழாக்காரன் நக்கலடிப்பான்தான். அடிக்கட்டும். அவனுக்குத் திருப்பி ஒரு பதில் குடுக்கிறதெண்டால், அவன் சொன்னது முதல் உமக்குக் கேக்கவேணுமே.