படிப்பறையில் யார் வாசிக்கலாம்?

கேள்வி: தேர்வு நெருங்குகிறது. கர்நாடக சங்கீதம் கேட்டுக்கொண்டே படிக்கலாமா? எதைக் கேட்பது?
– கல்லூரி மாணவி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: தாராளமாக! ஆனால் பாடகர்களை மட்டும் தேர்வு முடியும்வரை வாசலில் நிறுத்திவைக்க வேண்டும். பாட்டின் சொல்லும் பாடத்தின் சொல்லும் மூளையில் ஒரே நாற்காலிக்கு மோதிக்கொள்ளும். 1989இல் உளவியலாளர்கள் சலாமேயும் பேட்லியும் நினைவாற்றலைச் சோதித்தபோது, வாத்திய இசையைவிட வாய்ப்பாட்டே அதிகம் குறுக்கிட்டது.

பெங்களூருக்காரர்களுக்கு விடை வீட்டருகிலேயே இருக்கிறது: தொரைசாமி ஐயங்காரின் வீணை. வெங்கடகிரியப்பாவின் சீடர், மைசூர் பாணியின் பெருங்கலைஞர், பெங்களூரு வானொலியில் பணியாற்றியவர். அவருடைய ராக ஆலாபனைகளைத் தேர்ந்தெடுக்கலாம். சொல்லும் இல்லை, மிருதங்கமும் இல்லை. நாதம் அவசரமில்லாமல் நகரும். நன்றாகத் தெரிந்த கீர்த்தனை என்றால், வீணையில் வந்தாலும் மனம் சாகித்தியத்தைப் பாடத் தொடங்கிவிடும். அதைத் தவிர்ப்பதே நல்லது.

மோட்சார்ட் கேட்டால் மதிப்பெண் கூடுமா என்பதும் பலருடைய சந்தேகம். 1993 ஆய்வில் 36 கல்லூரி மாணவர்கள் 10 நிமிடம் அவருடைய இரட்டைப் பியானோ சொனாட்டாவைக் கேட்டார்கள். இடம், வடிவம் சார்ந்த கணக்குகளில் சற்று முன்னேற்றம் தெரிந்தது. கால் மணி நேரத்துக்குள் அது கரைந்தும் போனது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு அது போதாது.

வயலின் கலைஞர் சௌடையாவைக் கேட்கலாமா? ஒலிபெருக்கி பரவாத காலத்தில், கடைசி வரிசைக்கும் கேட்கட்டும் என்று வயலினில் ஏழு தந்தி கட்டியவர் அவர். அந்த நாதத்தை இடைவேளையில், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, முழு மனதோடு கேட்க வேண்டும்.