செல்போன் ஒழிப்பு வீரர்

எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இவர் ஒருவர் இருப்பார். எங்கள் பிளாக்கில் இரண்டாவது மாடி.

விடியற்காலை 5.30-க்கு 'பிள்ளைகளைச் சீரழிக்கும் செல்போன்' என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஃபார்வர்டு போட்டுவிட்டுத்தான் பல்லே விளக்குவார். 8 நிமிட வீடியோ. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணி முடிப்பதற்குள் காபி ஆறி ஆடை கட்டிவிடும்.

2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது அவருக்கு மனப்பாடம். "உங்க பையனுக்கு 12 வயசு ஆச்சே சார்" என்றால், "பிள்ளைன்னா பிள்ளைதான் சார்" என்பார். அந்தப் பிள்ளையின் யோகாசன வீடியோவை ஊர் பார்க்க வேண்டுமென்று இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கியதும் இவர்தான். அங்கே 13 நிறைந்திருக்க வேண்டும். பிறந்த வருஷத்தை 2005 ஆக்கி, ஒரே நொடியில் பையனை மேஜராக்கிவிட்டார்.

போனுக்குப் பேட்டர்ன் பூட்டு. வாரம் ஒன்று மாற்றுவார். ஆனால் பஜ்ஜி தின்ற விரலாலேயே கோடு போடுவார். பையன் போனை ஜன்னல் வெளிச்சத்தில் சற்றே சாய்ப்பான். போன வாரம் எண்ணெயில் 'ட' தெரிந்தது. இந்த வாரம் 'ப'. தமிழில் அவன் தேறிவிடுவான்.

சென்ற ஞாயிறு நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு மெசேஜ் வந்தது: மின் கட்டணம் பாக்கி, இன்றிரவு 9.30-க்கு இணைப்பு துண்டிக்கப்படும். பதறிப்போய் லிங்க் மேல் விரலைக் கொண்டுபோனார்.

"அப்பா, தொடாதீங்க! கரண்ட் ஆபீஸ்ல யாராவது சொந்த நம்பர்லேர்ந்தா மெசேஜ் போடுவாங்க?"

விரல் அந்தரத்தில் நின்றது. "உனக்கு எப்படிடா தெரியும்?"

"போன வருஷம் கேம்ல ஃப்ரீயா டைமண்ட் தர்றேன்னு ஒருத்தன் இப்படித்தான் லிங்க் அனுப்பினான். தொட்டேன். அக்கவுண்டே போயிடுச்சு."

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா போனைப் பிடுங்கிடுவீங்களே."

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அது என்ன கேம், காட்டு" என்று பாயில் பையன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கிளம்பும்போது, "மரத்துக்குப் பின்னாடி ஒருத்தன் நிக்கறான் பாரு, சுடுடா!" என்ற குரல் படிக்கட்டு வரை கேட்டது.

மறுநாள் 5.30-க்கு ஃபார்வர்டு வரவில்லை. 6.15-க்கு வந்தது: மின் கட்டண மோசடி பற்றி. பணம் போனால் உடனே 1930-க்கு அடிக்க வேண்டுமாம். 11 நிமிட வீடியோ.