பீவர்ட்டன் மன்றத்துக்குத் தென்காசியிலிருந்து ஒரு விண்ணப்பம்

பெறுநர்: யூ.எஸ்.பி. நடைமுறைப்படுத்துவோர் மன்றம், பீவர்ட்டன், ஒரேகான் மாநிலம், அமெரிக்க ஐக்கிய நாடுகள்.

அனுப்புநர்: தென்காசி, குற்றாலம் வட்டார மடிக்கணினிப் பயனாளர்கள்.

பொருள்: ஹப் என்னும் சிறு பெட்டி மடிக்கணினியைக் கவிழ்ப்பதும், பழி வேறிடத்தில் விழுவதும் தொடர்பாக.

பெருமதிப்புக்குரிய மன்றத்தின் மேலான பார்வைக்குப் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுவது:

விசைப்பலகைக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று எனக் கணினியின் முதுகில் வெவ்வேறு வடிவில் கிடந்த துளைகளையெல்லாம் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் பெருநோக்கில் 1995 ஆம் ஆண்டு தோன்றிய மன்றம், மறு ஆண்டிலேயே யூ.எஸ்.பி. 1.0 வெளிவரக் கண்டது என்பதை இவ்வட்டாரம் நன்றியுடன் நினைவுகூர்கிறது. அந்த ஒரே வடிவத் துளைகளும் மெலிந்த மடிக்கணினிகளில் ஒன்றிரண்டாகச் சுருங்கிவிட்ட பிறகு, ஒன்றைப் பலவாக்கித் தரும் ஹப் இல்லாமல் இங்கே ஒரு மேசையும் நிறைவதில்லை. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் 2011 இல் அலுவலகம் திறந்ததும், அதே ஆண்டில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியதும், வயல் வரப்பை ஒட்டிய வீடுகளில்கூட மடிக்கணினி இருப்பதை இயல்பாக்கிவிட்டன. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்றுதான் என்பதால், மன்றத்தின் சுவரில் தொங்குவது அதற்கு முந்தைய வரைபடமாயின் இவ்வூரைத் திருநெல்வேலி மாவட்டத்துக்குள் தேடிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

ஹப் எவ்வாறு இயங்குகிறது என்பதை மன்றத்துக்கே விளக்குவது மிகையெனினும், மனுவைப் படிக்கும் பிறர் பொருட்டு அதற்குக் குற்றாலத்து ஐந்தருவியைக் காட்டுவது பொருந்தும். அங்கே மேலிருந்து வரும் ஒரே நீர் பாறையில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிறது. கிளைகள் எத்தனையாயினும் நீர் ஒன்றே என்பதால், மேலே வரத்துக் குறைந்தால் ஐந்தும் சேர்ந்தே மெலியும். யூ.எஸ்.பி. 3.0 துளையொன்று தரக் கடமைப்பட்ட மின்னோட்டம் 5 வோல்ட் அழுத்தத்தில் 900 மில்லியாம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப், தன் சில்லுக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொண்டு எஞ்சியதையே வன்வட்டு, கேமரா, சார்ஜ் ஏறக் காத்திருக்கும் கைபேசி ஆகிய அனைத்துக்கும் பங்கிட்டாக வேண்டும். பங்கு போதாதபோது அழுத்தம் சரிகிறது, வன்வட்டு நடு எழுத்தில் துண்டிக்கப்படுகிறது, அதன் பதிலுக்காகக் காத்திருக்கும் டிரைவர், அதாவது கருவிக்கும் இயங்குதளத்துக்கும் இடையே மொழிபெயர்க்கும் நிரல், காத்திருந்து காத்திருந்து முடிவில் இயங்குதளத்தையே இழுத்துக்கொண்டு விழுகிறது.

வரத்தின் ஏற்ற இறக்கத்துக்குக் குற்றாலத்தில் ஏற்பாடு உண்டு. பேரருவி நேராகத் தலையில் விழுந்தால் மனிதர் தாங்கமாட்டார் என்பதற்காகவோ என்னவோ, இடையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழ்ந்த பள்ளம் நீரின் வேகத்தை வாங்கிக்கொண்டு, பிறகே அதைக் கீழே வழியவிடுகிறது. பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால், குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது. நல்ல ஹப்பிலும் இவ்விரண்டும் இருக்கின்றன: மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொள்ளும் மின்தேக்கி, அளவு மீறினால் மின்னோட்டத்தை வெட்டும் காப்புச் சுற்று. பிரானூர் பார்டரில் இருவர் பரோட்டாவும் கோழியும் உண்ணும் செலவுக்குள் கிடைக்கும் ஹப்புகளில் இவை இரண்டையுமோ ஒன்றையோ மிச்சம் பிடித்திருப்பார்கள். அடாப்டருடன் வரும் மலிவு ஹப்புகள் சிலவற்றின் அதிசயம் இதனினும் பெரிது. மின்னோட்டம் திரும்பிச் செல்வதைத் தடுக்கும் உறுப்பு இல்லாததால், அடாப்டரின் மின்சாரம் ஹப்பின் வழியே மடிக்கணினிக்குள் பின்னோக்கிப் பாய்கிறது. அருவி குற்றாலத்துத் திரிகூடமலைமேல் ஏறும் இக்காட்சியைச் சுற்றுலாத் துறை இன்னும் விளம்பரப்படுத்தவில்லை.

இனி மனுவின் உட்பொருளுக்கு வரலாம். மடிக்கணினி திடீரென நீலத்திரை காட்டி அணைந்தால், பயனாளர் முதலில் வைரஸை ஐயுறுகிறார், பின்னர் ரேமை, அதன்பின் கண்ணேறை. கடைக்குக் கொண்டு செல்லும்போது மடிக்கணினியும் சார்ஜரும் மட்டுமே பைக்குள் போகின்றன; ஹப் வீட்டு மேசையிலேயே கிடக்கிறது, ஏனெனில் அது ஒரு பொருளாகவே எண்ணப்படுவதில்லை. கடையில் அந்த மடிக்கணினி மூன்று நாள் இரவு பகலாக ஓடினாலும் ஒருமுறைகூட விழுவதில்லை. எனினும் வந்த வாடிக்கையாளரை வெறுங்கையுடன் அனுப்பலாகாது என்னும் தொழிலறத்தால் அது ஃபார்மட் செய்யப்படுகிறது. மீண்டும் வந்தால் ரேம் மாற்றப்படுகிறது. மூன்றாம் முறை, மதர்போர்டு போய்விட்டது என்னும் தீர்ப்பு வாசிக்கப்படுகிறது. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி, நாயகி வசந்தவல்லியின் கையைப் பிடித்துப் பார்த்த பிறகே நோய் இன்னதென்று சொன்னாள். இங்கோ நோயுள்ள கையை வீட்டில் விட்டுவிட்டு மற்றக் கையை நீட்டிக் குறி கேட்கும் வழக்கம் நிலைத்துவிட்டது. இதில் கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை, காட்டாத கையை அவர் எப்படிப் பார்ப்பார்?

விண்டோஸ் தன் நிகழ்வுப் பதிவேட்டில் எழுதிவைப்பதும் பெரிய உதவியன்று. கர்னல் பவர் 41 என்னும் பதிவு, கணினி முறையாக மூடப்படாமல் மீண்டும் துவங்கியது என்று மட்டுமே அறிவிக்கிறது. உயிர் பிரிந்ததால் இறப்பு நேர்ந்தது எனச் சான்றளிக்கும் மருத்துவரின் துல்லியம் அதில் காணப்படுகிறது. நீலத்திரையின் அடியில் தோன்றும் குறியீடு சற்று நேர்மையானது: 0x144 என்பது யூ.எஸ்.பி. 3 டிரைவரில் நேர்ந்த பிழையையும், 0x9F என்பது ஏதோவொரு டிரைவர் மின்நிலை மாற்றத்தில், அதாவது உறங்கும்போதோ விழிக்கும்போதோ, சிக்கிக்கொண்டதையும் குறிக்கும். ஆயினும் இக்குறியீடுகள் டிரைவரைத்தான் சுட்டுகின்றனவேயன்றி, அந்த டிரைவரை அலைக்கழித்த பெட்டியைப் பெயர் சொல்லிக் காட்டுவதில்லை. அதைக் கண்டறிய உள்ள வழி செலவில்லாதது என்பதாலேயே யாரும் அதை நம்புவதில்லை: ஹப்பைக் கழற்றிச் சில நாள் பணி செய்வது, விழாவிட்டால் கருவிகளை ஒவ்வொன்றாக நேரே செருகிப் பார்ப்பது, கடைசியில் எதுவும் செருகாத வெறும் ஹப்பை மட்டும் மாட்டிப் பார்ப்பது. சாரல் காலத்தில் இச்சோதனை கூடுதலாக வேண்டப்படுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று ஊருக்கு இதமாயினும், முலாம் மெலிந்த தொடுமுனைகளுக்கு அவ்வளவு இதமன்று.

மன்றத்தின் பங்கு இங்குதான் தொடங்குகிறது. ஹப்பின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் முக்கிளைச் சூலக்குறியைக் கண்டு, சிவபெருமான் திரிகூடநாதராக எழுந்தருளியிருக்கும் ஊரில் சூலத்தை ஐயுறுவது முறையன்று என மக்கள் அமைதியடைகின்றனர். சூலத்தை அச்சிடுவது வேறு, மன்றத்தின் சோதனையில் தேறியதைக் காட்டும் சின்னம் வேறு என்பதை வாங்குபவருக்குச் சொல்வார் இல்லை. பெயர்களை நோக்கித் தெளியலாம் என்றாலோ, 2008 இல் யூ.எஸ்.பி. 3.0 என வழங்கிய 5 கிகாபிட் வேகம் 2013 க்குப் பின் 3.1 முதல் தலைமுறை ஆயிற்று, பின்னர் 3.2 முதல் தலைமுறை ஆயிற்று. வேகம் இருந்த இடத்திலேயே இருக்கப் பெயர் மட்டும் பதவி உயர்வு பெற்ற இந்நிகழ்வுக்கு அரசு அலுவலகங்களில்கூட ஒப்புமை அரிது. 2022 இல் வேகத்தையே பெயராக வைக்கும் முடிவுக்கு மன்றம் வந்ததை இவ்வட்டாரம் வரவேற்கிறது, பழைய பெட்டிகள் பழைய பெயர்களுடனேயே விற்றுக்கொண்டிருக்கின்றன என்பதையும் தெரிவித்துக்கொள்கிறது. டைப்-சி கேபிள்களைச் சொந்த முயற்சியில் சோதித்துவந்த கூகுள் பொறியாளர் பென்சன் லியுங், தவறாக இணைப்பிடப்பட்ட ஒரு கேபிளால் 2016 இல் தம் மடிக்கணினியையே பறிகொடுத்தார். விதியை வகுத்தோர் ஒருபுறமிருக்க, அதன் மீறலைக் கண்டுபிடித்தவர் தம் பொருளையே பலியிட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில், தரம் பற்றிய தென்காசியின் ஆவணம் ஒன்றை மன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவது கடமையாகிறது. 15 ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், தான் கட்டியதில் பிற்காலத்தில் குறை நேரலாம் என்பதை ஒப்புக்கொண்டு, அக்குறையைச் செப்பனிட்டுக் காப்பவர் எவராயினும் உலகறிய அவரைப் பணிவதாகக் கல்லில் எழுதிவைத்தான். குறையும் நேர்ந்தது, சிதைந்து நின்ற இராசகோபுரம் மீண்டும் எழுப்பப்பட்டு 1990 இல் குடமுழுக்குக் கண்டது. ஒன்பது நிலைக் கோபுரத்தைத் தொடங்கியவன் அவ்வாறு பணிந்திருக்க, நான்கு துளைப் பெட்டிக்கு விதி வகுத்தோர் பணிவதற்கு அட்டைப்பெட்டியின் ஓரத்தில் ஒரு வரியே போதுமானது. ‘இதைச் செருகிய பின் கணினி விழுமாயின் முதலில் இதைக் கழற்றிப் பார்க்கவும், அவ்வாறு கழற்றிப் பார்க்குமாறு சொன்ன பக்கத்து வீட்டுப் பிள்ளையை மன்றம் பணிகிறது’ என்பது அவ்வரியின் வரைவு வடிவம். சொற்களைக் கூட்டவோ குறைக்கவோ மன்றத்துக்கு முழு உரிமையுண்டு.

மேலும், ஹப்புக்குப் பின் ஹப்பாக ஐந்து வரை அடுக்கலாம், 127 கருவிகள் வரை முகவரி தந்து இணைக்கலாம் என மன்றத்தின் விதி அனுமதிப்பதை நம்பி, ஒன்றில் துளை போதவில்லையென அதன்மேல் இன்னொன்றை மாட்டும் பழக்கம் இங்கு பரவியுள்ளது. முகவரிக்கு இடமிருப்பது மின்சாரத்துக்கு இடமிருப்பதாகாது என்பதையும் அதே வரிக்கு அடியில் சேர்க்குமாறு வேண்டப்படுகிறது.

மூன்று மடிக்கணினிகளைக் கவிழ்த்த பெருமையுடைய ஹப் ஒன்று, அரிசி டப்பாவில் இரு நாள் வைத்து ஈரம் போக்கியும் குணம் மாறாத நிலையில், இம்மனுவுடன் இணைத்து அனுப்பப்படுகிறது. மன்றத்தினர் அதை ஆய்வுக்கூடத்திலேயே செருகிப் பார்க்குமாறும், கூட்டம் நிறைந்த மேடையில் செருகாதிருக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர். 1998 ஏப்ரலில் சிகாகோ கண்காட்சி மேடையில் பில் கேட்ஸ் அருகில் நிற்க, யூ.எஸ்.பி. வழியே ஒரு ஸ்கேனரைச் செருகியதும் விண்டோஸ் 98 நீலத்திரை காட்டிய செய்தி தென்காசிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்படிக்கு,
தென்காசி, குற்றாலம் வட்டார மடிக்கணினிப் பயனாளர்கள்.

இணைப்பு: ஹப் 1. (திருப்பி அனுப்பத் தேவையில்லை.)