இரண்டாவது முட்டு

எழுபதுகளில் புதுச்சேரி உப்பளத்தில் கார்க் பந்தில்தான் கிரிக்கெட் ஆடுவோம். ஹெல்மெட் போட்டவரை மோட்டார் பைக்கிலேயே அபூர்வமாகத்தான் பார்க்க முடியும். மண்டையில் அடிபட்டவன் முகத்தில் கோலி சோடாவை உடைத்து அடித்ததும் பி.டி. மாஸ்டர் வருவார். இரண்டு விரலைக் காட்டி, "இது எத்தினிடா?" என்பார். சரியாகச் சொன்னவன் மறுபடி ஆடப் போகலாம். மயங்கி விழுந்தால்தான் அது அடி, விழாதவன் ஆம்பளை. தலையில் அடிபட்டு மூளை குலுங்கும் இந்த அதிர்ச்சியில் (கன்கஷன்) பத்தில் ஒருவருக்குக்கூட நினைவு தப்புவதில்லை என்பது மாஸ்டருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

கேட்ச் பிடிக்க ஓடி இரண்டு பேர் தலை முட்டிக்கொண்டால் இன்னும் விசேஷம். உடனே இன்னொரு தடவை முட்டவைப்போம். ஒரே முட்டோடு விட்டால் கொம்பு முளைக்குமே! முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடிதான் மூளைக்குப் பேராபத்து என்று இன்றைக்கு டாக்டர்கள் சொல்கிறார்கள். நாங்கள் அதையே சிகிச்சையாகக் காசு வாங்காமல் செய்துவந்தோம்.

செய்தி நிலையம் சலூன்தான். 1962இல் பார்படாஸில் சார்லி கிரிஃபித் போட்ட பந்து இந்திய கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டையைப் பிளந்த கதையை முடிவெட்டுபவர் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரணி கேப்டன் வோரல் ரத்தம் கொடுத்தது நிஜம். அந்த ரத்தம் ஏறியதும் கான்ட்ராக்டர் வெஸ்ட் இண்டீஸ்காரர் மாதிரி சிக்ஸராக அடித்துத் தள்ளினார் என்பது சலூனின் கைவண்ணம். அதற்குப் பிறகு அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை என்ற விவரம் அங்கே வந்து சேரவேயில்லை.

இப்போது எல்லா விவரமும் கைக்குள் வந்து சேர்கிறது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டி20யில் ஸ்டார்க்கின் பந்து ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பட்டது. ஓவர் முடியும்வரை அவர் ஆடினார். தலைசுற்றல் பிறகுதான் தெரிந்தது. மாற்றாக இறங்கிய சஹல் மூன்று விக்கெட் எடுத்தார். நம் சின்னப்பம்பட்டி நடராஜனுக்கு அதுதான் முதல் சர்வதேச டி20, அவருக்கும் மூன்று. அப்புறம் ஆளாளுக்கு ஒரே பேச்சு: சஹலை இறக்கியது நியாயமா? அடிபட்ட உடனே டாக்டர் ஏன் மைதானத்துக்குள் வரவில்லை என்று கேட்டவர்களின் குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

சினிமா பரவாயில்லை என்றுதான் சொல்வேன். பழைய படங்களில் ஓர் அடியில் நினைவு போகும், அடுத்த அடியில் திரும்பும். எங்கள் கொம்பு வைத்தியமேதான். 2012இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' அப்படியல்ல. ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நிஜமாகவே நடந்தது அது. கேட்ச் பிடிக்கப்போய் விழுந்தவன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். இந்த விஷயத்தில் நான் படித்த எந்தச் செய்தியைவிடவும் அது உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பட வசனத்திலிருந்து ஊர் மனப்பாடம் செய்ததோ மெடுல்லா ஆப்லங்கேட்டாவை! மூச்சையும் இதயத்துடிப்பையும் கவனிக்கிற இடம் அது. ஞாபகத்தை வேறு இடம் பார்த்துக்கொள்கிறது.

போன வருஷம் பேரன் கோல் போஸ்ட்டில் மோதிக்கொண்டு வந்தான். குடும்ப வாட்ஸ்அப் குழு விழித்துக்கொண்டது. தூங்கவே விடாதீங்க என்றாள் ஒரு தங்கை. ஸ்கேன் சுத்தமா இருந்தா ஒண்ணுமில்ல என்றாள் இன்னொருத்தி. இந்த அதிர்ச்சி பெரும்பாலும் ஸ்கேனில் தெரியவே தெரியாது. பாரீஸில் இருக்கும், பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பமான சொல்தா வீட்டு மச்சான் மட்டும், அங்கே ரக்பியில் சந்தேகம் வந்தாலே நடுவர் நீல அட்டை காட்டி வெளியே அனுப்பிவிடுவார், டாக்டர் சொல்லாமல் திரும்ப ஆட முடியாது என்று எழுதினார். அதற்கு ஒருவரும் கட்டைவிரல் காட்டவில்லை.

டாக்டர் நிதானமாகச் சொன்னார்: பையன் தூங்கட்டும். வாந்தி எடுத்தாலோ, தலைவலி ஏறினாலோ, எழுப்பி எழுந்திருக்காவிட்டாலோ உடனே கூட்டிவாருங்கள். இரண்டு நாள் ஓய்வு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடை. நான் சொல்லும்வரை பந்து கிடையாது. அந்த இரண்டு நாளும் போனைத் தொடக் கூடாது.

"இவனுக்கு மட்டுந்தானா டாக்டர், தாத்தாவுக்கும் சேர்த்தா?" என்றாள் மருமகள்.

என் சட்டைப்பையில் குழு இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.