குளியலறைச் சென்சாரின் அறிவுநிலை: ஓர் ஆய்வு

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. உடம்பால் மட்டும் அறிவது ஓரறிவு. நாவும் சேர்ந்தால் இரண்டு. மூக்கும் சேர்ந்தால் மூன்று. குளியலறைக் கூரையில் வெள்ளைக் குமிழாக ஒட்டியிருக்கும் மோஷன் சென்சாரை இதில் எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதை உரையாசிரியர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். உடல் வெளிவிடும் அகச்சிவப்புக் கதிர், அதுவும் இடம் மாறினால்தான், அதற்குத் தட்டுப்படும். எனவே ஓரறிவு; புல்லுக்கும் மரத்துக்கும் பங்காளி. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வேலை வைப்பவையோ நாற்றமும் நீராவியும். நாற்றம் அறிய மூவறிவு வேண்டும். அதற்குத் தொல்காப்பியர் காட்டும் உயிர்களில் ஒன்று எறும்பு. லைட் எரியும் அதே சென்சாரில் ஃபேனையும் மாட்டுவது எறும்பின் உத்தியோகத்தைப் புல்லுக்குக் கொடுப்பதாகும் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

சான்றுக்குப் பஞ்சமில்லை. சென்சாரின் முகத்திலுள்ள கட்டம் கட்டமான பிளாஸ்டிக் லென்ஸ் அறையைப் பல துண்டுகளாகப் பார்க்கிறது. சூடான உடல் ஒரு துண்டிலிருந்து மற்றொன்றுக்கு நகர்ந்தால்தான் உள்ளிருக்கும் ரிலே 'டிக்'கென்று விழும். பல் துலக்குபவரும் தலை வாருபவரும் கையை ஆட்டிக்கொண்டே இருப்பதால் அவர்களுக்கு ஃபேன் தாராளமாகச் சுழலும். அது மிகவும் தேவைப்படுகிறவரோ செல்போனில் கண்பதித்துச் சிலையாக உட்கார்ந்திருப்பார். நேரம் முடிந்ததும் லைட்டும் ஃபேனும் ஒருசேர அணையும்; அவர் இருட்டில் கூரையை நோக்கிக் கையை வீச வேண்டியதுதான். குளிப்பவருக்கும் பெரிய சலுகை இல்லை. கண்ணாடித் தடுப்பு அகச்சிவப்பை மறைத்துவிடும். வெந்நீரில் அறை சூடேறி உடல் சூட்டை நெருங்கினால் ஆளையும் சுவரையும் பிரித்தறிய அதற்கு வழி குறைந்துவிடும்.

சென்சாரின் டைமர் திருகை 15 நிமிடத்துக்குத் திருப்பினால் போதாதா என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். 9 வாட் எல்இடி பல்பு 15 நிமிடம் வெறுமனே எரிந்தால் செலவு 2.25 வாட்-மணி, நாளைக்கு 10 தடவை என்றாலும் இரண்டு மாதத்துக்கு 1.35 யூனிட். முதல் 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில் கரண்ட் பில்லைக் காட்டி இதை மறுக்க முடியாது. ஆனால் நள்ளிரவில் அரை நிமிடம் உள்ளே போய் வந்தவருக்காக ஃபேன் கால் மணி நேரம் இரையும். அட்டாச்டு பாத்ரூமை ஒட்டிய கட்டிலில் படுத்திருப்பவரின் கருத்தையும் ஆய்வு கணக்கில் கொள்ளவேண்டும். தனி சுவிட்சே போதும் என்பது இன்னொரு கட்சி. இதற்கு ஆறறிவு உயிரை நம்ப வேண்டும். ஃபேனுக்கு உண்மையான வேலை ஆள் வெளியேறிய பிறகுதான். அந்த உயிரோ அதற்குள் ஹாலில் காபி கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆகவே சென்சாருக்கு லைட்டை விட்டுவிட்டு, ஃபேனுக்கு டைமர் வைத்த வகையைத் தேடுவதே நியாயம். அதற்கு எப்போதும் உயிரோடிருக்கும் பேஸ் ஒன்று. தூண்டுதலுக்குச் சென்சாரின் லோடு ஒயரிலிருந்து ஒன்று. பிறகு நியூட்ரல், எர்த். லைட் அணைந்த பின்னும் ஃபேன் தன் கணக்குப்படி ஓடும். சிலவற்றில் ஓரிரு நிமிடம் தாமதித்துத் தொடங்கும் வசதியும் உண்டு, நள்ளிரவுக்காரர் தப்பித்தார். எலெக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு, லைட்டுக்கும் ஃபேனுக்கும் ஒரே சர்க்யூட்டின் நியூட்ரலைத்தான் கொடுக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாறினால் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கக்கூடும். கதவுக்கடியில் விரற்கடை இடைவெளியும் வேண்டும். வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வராவிட்டால் ஃபேன் சத்தம் மட்டும்தான் போடும்.