மீசையை முறுக்காதீங்க, மாப்பிள்ளை

வாங்க மாப்பிள்ளை, இப்படித் திண்ணையில உக்காருங்க. ஸ்கேன் பாத்துட்டு வந்ததுலருந்து உங்க நடையே மாறிப்போச்சே! டீக்கடையில ரெண்டு விரலைக் காட்டிக்கிட்டு நின்னீகளாம். மீசை வேற ஒரு சுத்துக் கூடியிருக்கு. ஏத்தா, நீ உள்ள ஓடாத, இந்தத் தூணுல சாஞ்சு உக்காரு. உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். சர்க்கார் ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல ஆயாவா இருந்தவ நான். டாக்டரம்மாக பேசுறதை ஒட்டுக் கேட்டே பாதி வைத்தியம் படிச்சவ.

மொதல்ல அந்த மீசை விசயத்தை முடிச்சுருவோம். ரெட்டைப் புள்ளையில ரெண்டு வகை. ஒரே கரு ரெண்டாப் பிரியறது ஒண்ணு. அது ஆயிரம் பிரசவத்துல மூணோ நாலோ, உலகம் பூரா ஏறக்குறைய இதே கணக்குத்தான். பரம்பரையும் இல்ல, பாக்கியமும் இல்ல, அதுபாட்டுக்கு நடக்கும். இன்னொண்ணு, அந்த மாசம் பொண்ணு வயித்துல ரெண்டு முட்டை வெளிய வந்து ரெண்டும் கருவாகுறது. அது தாய்வழியில வரும். முப்பத்தஞ்சு தாண்டினா வாய்ப்புக் கூடும். குழந்தைக்காக மருந்து மாத்திரை எடுத்தாலும் கூடும். ஆக, உங்க பெரியப்பா வீட்டு ரெட்டைக்கும் இந்த ரெட்டைக்கும் சம்பந்தமே இல்ல. ரெண்டு முட்டைன்னா, அதை விட்டவ எம் பேத்தி. மீசை முறுக்க வேண்டியவளுக்கு மீசை இல்லாமப் போச்சு, அம்புட்டுத்தான்.

ரெட்டை வாழைப்பழம் தின்னாளான்னு உங்க ஆத்தா விசாரிச்சாகளாம். மலையாளத்துல மலப்புறம் பக்கம் கொடின்ஹின்னு ஒரு ஊரு. தெருவுக்குத் தெரு ரெட்டையாத் திரியுதுக. ஆராய்ச்சிக்காரங்க போய் எச்சியும் முடியும் எடுத்துப் பாத்துட்டாக, முடிஞ்ச முடிவா ஒண்ணும் சொல்லல. பக்கத்து ஊர்க்காரன் திங்கிற பழத்தைத்தான் அவுகளும் திங்கிறாக.

இப்ப வேலைக்கு வாங்க. ஸ்கேன்ல எத்தனை புள்ளைன்னு கேட்டீக, பொம்பளைப் புள்ளையா ஆம்பளைப் புள்ளையான்னு கேக்கப்போயி டாக்டரம்மாகிட்ட வாங்கியும் கட்டிக்கிட்டீக. கேக்க வேண்டியதை மட்டும் கேக்கல. நஞ்சுக்கொடி ஒண்ணா, ரெண்டா? பனிக்குடம் ஒண்ணா, ரெண்டா? பதினோரு வாரத்துலருந்து பதினாலு வாரத்துக்குள்ள எடுக்குற ஸ்கேன்லதான் இது துல்லியமாத் தெரியும். அப்புறம் வயிறு நெருங்கிப் போனா கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஆளுக்கொரு நஞ்சு இருந்தா பாதி பாரம் கொறைஞ்சுச்சு. ரெண்டும் ஒரே நஞ்சுன்னா, ஒரே மடையில ரெண்டு வயலுக்குப் பாயுற கணக்கு. மடை சரியில்லைன்னா மேவயல் முங்கி அழுகும், கீழவயல் காயும். நூறு பேர்ல பத்துப் பதினஞ்சு பேருக்கு இப்படி ஆகும். அதனாலதான் ஒத்த நஞ்சுக்காரிகளைப் பதினாறாம் வாரத்துலருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஸ்கேனுக்கு வரச் சொல்றாக. 'காசு புடுங்குறாங்க'ன்னு பொலம்பிக்கிட்டு ஒரு தடவையைத் தட்டிக் கழிச்சீக, அப்புறம் நான் பேச மாட்டேன். நேரத்துல தெரிஞ்சா கருப்பைக்குள்ள கேமரா விட்டு, நஞ்சுல ரெண்டு புள்ளைகளையும் இணைக்கிற குறுக்கு ரத்தக்குழாயை லேசர்ல அடைக்கிறாக. ரிப்போர்ட்டை எடுத்துப் பாத்தீகளா? பாக்கல. சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வச்சாச்சு, மஞ்சள் பொட்டோட.

ஏத்தா, உனக்கு வாந்தி கூடத்தான் இருக்கும். சுரப்பு கூடுதல். ஒரு நாள் பூரா வாயில தண்ணி தங்கல, ஒண்ணுக்கும் போகலைன்னா, மசக்கைதானேன்னு ஊறுகாயை நீட்டுறவுகளை விலக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிரு. மூணு பேருக்குச் சாப்பிடுன்னு உன் மாமியார் கும்பா நெறைய வைப்பாக. வயிறு ஏற்கெனவே மேல தள்ளுது, சோறு எங்க போகும்? கொஞ்சம் கொஞ்சமா ஆறு வேளையாத் தின்னு. ஒரு முட்டை, ஒரு கை கடலை, ஒரு டம்ளர் மோரு. சோத்து மலை வேண்டாம், சர்க்கரை வந்து நிக்கும், ரெட்டைக்கு அது சீக்கிரம் வரும். இரும்புச் சத்து மாத்திரையை முருங்கை மரத்தடியில வீசுறவளுகளை நான் பாத்திருக்கேன். மரம் செழிச்சுச்சு, அவளுக வெளுத்தாளுக. காப்பித் தண்ணியோட முழுங்காத, ஒட்டாது. எலுமிச்சை சாறோட முழுங்கு. வெளிக்கிப் போனா கறுப்பாப் போகும், அதுக்கு ஒப்பாரி வைக்காத.

அசையாம கட்டில்லயே கெடன்னு எதிர்த்த வீட்டுக்காரி சொன்னாளாமே? டாக்டர் சொல்லாம கெடக்காத. கெடந்தா சீக்கிரம் பெறுறது நிக்கப் போறதில்ல, காலுல ரத்தம் கட்டும், அதுதான் மிச்சம்.

வளைகாப்பை ஒன்பதாம் மாசம் வச்சுக்கலாம்னு சம்பந்தி வீட்டுல நாள் குறிக்கிறாகளாம். நல்லா இருக்கு! ரெட்டையில பாதிக்கு மேல முப்பத்தேழு வாரம் முழுசா முடியுமுன்ன பொறந்துருது. அப்ப வளையலைப் புள்ளைக கையிலதான் போடணும். ரெண்டு நஞ்சுன்னா முப்பத்தேழு, ஒரே நஞ்சுன்னா முப்பத்தாறு, அதுக்கு மேல டாக்டரே தள்ளிப்போட மாட்டாக. ரெண்டும் ஒரே பனிக்குடத்துல கெடந்தா இன்னும் முன்னாலயே ஆப்பரேசன். மத்தபடி ரெட்டைன்னாலே கத்திதான்னு கிடையாது. மொதப் புள்ள தலை கீழ இருந்தா சுகப்பிரசவத்துக்கு வழி உண்டு. ஆனா ரெண்டாவது குறுக்க விழும், கோளாறு பண்ணும். அதனால மயக்க டாக்டரும், ரத்தமும், பச்சைப்புள்ளைக வார்டும் இருக்குற ஆஸ்பத்திரியா இப்பவே பாத்து வைங்க. பளபளன்னு கண்ணாடிக் கதவு இருக்கான்னு பாக்காதீக.

ரெட்டைன்னா ஒண்ணு சூட்டிகை, ஒண்ணு மந்தம்னு எவளாவது ஆரம்பிப்பா. 1887ல பொறந்த ஆற்காடு ராமசாமி முதலியாரும் லட்சுமணசாமி முதலியாரும் ரெட்டைதான். அதுல லட்சுமணசாமி பிரசவ டாக்டராகி, அதைப் பத்திப் பொஸ்தகமும் எழுதி, மெட்ராஸ் யுனிவர்சிட்டியை 27 வருசம் ஆண்டாக. எங்க வார்டு டாக்டரம்மாக மேசையில அந்தப் பொஸ்தகந்தான் கெடக்கும்.

பொறந்தப்புறம்தான் மாப்பிள்ளை உங்க கச்சேரி. எடை கொறைவா இருந்தா வெறும் நெஞ்சுல தோலோட தோலாப் போட்டு வைக்கச் சொல்வாக. கொலம்பியாவுல பொகோட்டாங்கிற ஊர்ல 1978ல இன்குபேட்டர் பத்தாம ஆரம்பிச்ச வைத்தியம் அது. அவ நெஞ்சுல ஒண்ணு, உங்க நெஞ்சுல ஒண்ணு. சட்டையைக் கழட்ட வெக்கப்பட்டா நடக்காது. பால் பத்தாதுன்னு மாவு டப்பா வாங்கிட்டு ஓடி வராதீக. சப்பச் சப்பத்தான் பால் ஊறும். ரெண்டு பக்கமும் தலகாணி வச்சு, ரெண்டு புள்ளைகளோட காலும் அவ அக்குளுக்கு அடியில பின்னால போற மாதிரி ஏந்திக்கிட்டா ஒரே நேரத்துல ரெண்டும் குடிக்கும். அவளுக்குத் தண்ணிச் செம்பை வாயில வைக்க ஒரு ஆள் வேணும். அது நீங்கதான். ஒரு நாளைக்கு ஆளுக்கு எட்டுப் பத்துத் தடவை, நீங்களே கூட்டிப் பாத்துக்கங்க. தாய்மாமனுக்கு இப்பவே சொல்லிவிடுங்க, தோடு ரெண்டு ஜோடி, மடி மட்டும் ஒண்ணுதான்னு.

கடைசியா ஒண்ணு, இதுல கேலி இல்ல. தலைவலி விடாம அடிச்சாலோ, கண்ணு மங்கினாலோ, மூஞ்சியும் கையும் திடீர்னு வீங்கினாலோ, ரத்தம் பட்டாலோ, பனிக்குடம் உடைஞ்சாலோ, வயிறு விட்டு விட்டு இறுக்கினாலோ, புள்ளைக அசைவு கொறைஞ்சாலோ, ராகுகாலம்னு எவன் தடுத்தாலும் நிக்காம 108க்குப் போன் போடுங்க. போன்ல இப்பவாவது சார்ஜ் இருக்கா மாப்பிள்ளை?